முட்டை நாற்றமும் அத்தையின் தலைவலியும்

காரமடைப் பக்கமிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கணவர் வெளிநாட்டில். வீட்டில் இவர், மாமியார், ஏழு வயது மகள். எட்டு மாதத்துக்கு முன் 2017 மாடல் சின்ன பெட்ரோல் கார் ஒன்றை, 78,000 கிலோமீட்டர் ஓடியது, தெரிந்தவர் மூலமாக ஒரு தனி நபரிடம் 3,40,000 ரூபாய்க்கு வாங்கினார். பின்பக்கம் ஒருமுறை இடிபட்டு டிங்கரிங் பார்த்த வண்டி என்பதை விற்றவர் மறைக்கவில்லை. ஞாயிறு தவறாமல் குன்னூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகிறார்கள். கல்லாறு வரை ஒன்றும் இல்லை. பர்லியாறு தாண்டி வளைவுகளில் ஏற ஆரம்பித்ததும் அழுகிய முட்டை நாற்றம். இரண்டாவது கியரில் மிதித்தால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது. செக் என்ஜின் விளக்கு ஒருநாள் மினுக் மினுக்கென்று அடித்து, பிறகு நிலையாக எரிந்தது. பக்கத்து மெக்கானிக் ஏதோ கருவியைச் செருகி அதை அணைத்துக் கொடுத்துவிட்டார். லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி இப்போது 12 தருகிறது. சைலன்சர் வாயில் விரல் வைத்தால் மை மாதிரி ஒட்டுகிறது.

ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில், புகையில் இருக்கும் நச்சு வாயுக்களைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, மாற்ற 68,000 ரூபாய் ஆகும் என்று எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து மெக்கானிக், “அதை வெட்டிப்போட்டு நேர் பைப் வெச்சுடலாமுங்க, நாலாயிரத்துல முடிஞ்சுரும், பிக்கப்பும் கூடும்” என்கிறார். கொழுந்தனார் எல்லாவற்றுக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார். விற்றவரைக் கேட்டால், “மலை ஏறுனா எந்த வண்டியும் நாறத்தான் செய்யும். புகை சர்டிபிகேட் பாஸ் ஆயிருக்குதே” என்கிறாராம்.

இவ்வளவும் எழுதிவிட்டுக் கடைசிப் பக்கத்தின் அடியில், போகிற போக்கில், இரண்டு வரி சேர்த்திருக்கிறார்: “பின்சீட்டில் உட்கார்ந்து வரும் அத்தைக்கு ஒவ்வொரு தடவையும் தலைவலி வருகிறது, மகள் வாந்தி எடுக்கிறாள். மலைப்பாதை ஒத்துக்கவில்லை போல. ஆக்ஸிமீட்டர் வைத்துப் பார்த்தேன், இருவருக்கும் 98 காட்டியது.”

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை நான் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்க வேண்டியிருந்தது. 68,000 ரூபாயை அப்புறம் பார்க்கலாம். கோவையில் 26 வருஷமாக வொர்க்‌ஷாப் நடத்துகிறேன். நாற்றம் என்று வருகிற வண்டியில் யாருக்காவது தலைவலி உண்டா என்று நானே கேட்டால்தான் சொல்வார்கள். நீங்களாக எழுதியதே நல்லதாகப் போயிற்று.

முதலில் தலைவலி

உங்கள் மூக்குக்குத் தெரிகிற வாயு வேறு, ஆபத்தான வாயு வேறு. முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடினால் வருவது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். காரிலிருந்து வருகிற அளவு பெரும்பாலும் எரிச்சல் மூட்டுவதோடு சரி. ஆனால் அதே புகையில் கார்பன் மோனாக்சைடும் வருகிறது. அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, கண் எரிச்சல்கூட வராது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல், அசதி. கேட்டால் மலைப்பாதை வாந்தி மாதிரியேதான் இருக்கும்.

ஆக்ஸிமீட்டர் 98 காட்டியதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். விரலில் மாட்டும் சாதாரணக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் கிட்டத்தட்ட ஒரே சிவப்பாகத்தான் தெரியும். இரண்டையும் கூட்டி நல்ல எண்ணாகக் காட்டிவிடும். உண்மை தெரிய வேண்டுமானால் ரத்தத்தில் கார்பாக்சி ஹீமோகுளோபின் அளவைப் பார்க்க வேண்டும். அதையும் அன்றைக்கே பார்க்க வேண்டும். சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தாலே நாலைந்து மணி நேரத்துக்குள் அளவு பாதியாகிவிடும். மறுநாள் லேபுக்குப் போனால் ஒன்றும் இருக்காது.

மகளுக்கு வருவது நிஜமாகவே வளைவுகளின் வாந்தியாக இருக்கலாம். குன்னூர் ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பெரியவர்களுக்கே வயிறு புரளும். பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வளைவு வாந்தி பஸ்ஸிலும் வரும், மலை இறங்கும்போதும் வரும். புகையினால் வருவது இந்தக் காரில் மட்டும் வரும், பின்சீட்டில் அதிகமாக இருக்கும், ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களைப் பிடிக்கும், வண்டியை விட்டு இறங்கி வெளிக்காற்றில் நின்றால் தணியும். உங்கள் கடிதத்தில் இதில் சில பொருந்துகின்றன. ஆகவே வண்டியைப் பார்த்து முடிக்கும் வரை அத்தையையும் குழந்தையையும் அதில் ஏற்ற வேண்டாம். வொர்க்‌ஷாப்புக்கு நீங்கள் தனியாக ஓட்டிப் போகும்போது நான்கு கண்ணாடிகளையும் முழுதாக இறக்கிவிட்டுப் போங்கள். யாருக்காவது தலைவலியோடு குழப்பமோ மயக்கமோ வந்தால் 108-ஐக் கூப்பிட்டு, “கார் புகை உள்ளே வந்திருக்கிறது” என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மருத்துவருக்கு அந்தச் சந்தேகம் வர நேரமாகும்.

இன்னொன்று. காலையில் ஷெட்டுக்குள்ளேயே ஐந்து நிமிஷம் ஓடவிட்டு வண்டியைச் சூடாக்குவதாக எழுதியிருக்கிறீர்கள், ஷெட்டிலிருந்து சமையல்கட்டுக்குக் கதவு இருப்பதாகவும். இதை நாளையிலிருந்து நிறுத்திவிடுங்கள். ஷட்டர் திறந்திருந்தாலும்தான். கார்புரேட்டர் வண்டிக்கு அந்தப் பழக்கம் தேவைப்பட்டது. உங்களுடையது போன்ற இன்ஜெக்ஷன் வண்டியை ஸ்டார்ட் செய்து அரை நிமிஷத்தில் நிதானமாக எடுத்துவிடலாம். குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் கூடுதலாகப் பாயும், கன்வெர்ட்டரும் சூடாகாததால் வேலையே செய்யாது. மோனாக்சைடு அதிகம் வருகிற நிமிஷங்கள் அவை.

புகை எந்த வழியாக உள்ளே வருகிறது

பின்சீட்டில் உட்கார்ந்தவருக்குத்தான் தலைவலி, முன்னால் ஓட்டுகிற உங்களுக்கு இல்லை. கூடவே பின்பக்கம் இடிபட்டுச் சரிசெய்த வண்டி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் டிக்கிக் கதவின் ரப்பர் பீடிங் மேல்தான் என் சந்தேகம் போகிறது.

சின்னக் கார்களின் பின்புறம் வெட்டிவிட்டது போல நேராக இருக்கும். ஓடும்போது அந்த முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும். சைலன்சர் வாயிலிருந்து வரும் புகை அங்கேயே சுழன்று டிக்கியில் ஒட்டும். பீடிங்கில் இடைவெளி இருந்தால் உள்ளே ஏறிவிடும். நாற்றம் தாங்காமல் பின் கண்ணாடிகளைக் கொஞ்சம் இறக்கி வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பாதி இறக்கிய பின் கண்ணாடி காரியத்தைக் கெடுக்கக்கூடும். உள்ளே இருக்கிற காற்றை அது வெளியே இழுக்க, அந்த இடத்தை நிரப்ப டிக்கி இடுக்கு வழியாகப் புகை வரும்.

வீட்டிலேயே சோதித்துவிடலாம். பத்து ரூபாய் நோட்டு ஒன்றை பீடிங் மேல் பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்படி வைத்து டிக்கியைச் சாத்துங்கள். இப்போது நோட்டை இழுங்கள். பிடித்துக்கொண்டு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் உட்காரவில்லை. டிக்கியைச் சுற்றி ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு தடவை இதைச் செய்யுங்கள். டிங்கரிங் பார்த்த வண்டிகளில் கீழ் மூலைகளில்தான் பெரும்பாலும் மாட்டும். பீடிங்கின் உள்பக்கம் வரிவரியாகத் தூசி படிந்திருந்தாலும் காற்று அங்கே நுழைகிறது என்று அர்த்தம். பிறகு டிக்கியில் விரித்திருக்கும் மேட்டைத் தூக்குங்கள். தகரத்தில் ரப்பர் மூடி இருக்க வேண்டிய ஓட்டைகள் சில இருக்கும். டிங்கர் கடையில் வேலை முடிந்ததும் அந்த மூடிகளைத் திரும்ப மாட்ட மறந்துவிடுவார்கள். எங்கள் கடையிலும் ஒரு பையன் மறந்திருக்கிறான், அதனால் உறுதியாகச் சொல்கிறேன்.

மெக்கானிக்கிடம் செய்யச் சொல்ல வேண்டியது வேறு. வண்டியை ராம்பில் ஏற்றி, என்ஜினிலிருந்து புகை வெளியேறும் மேனிபோல்டின் பேக்கிங்கிலிருந்து சைலன்சர் வரை ஒவ்வொரு இணைப்பையும் பார்க்க வேண்டும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து சைலன்சர் வாயைத் தடிமனான துணியால் ஒரு கணம் அடைத்தால், ஓட்டை இருக்கிற இடத்தில் ‘புஸ் புஸ்’ என்று சத்தம் வரும். சோப்புத் தண்ணீர் அடித்தால் குமிழ் வரும். ஓட்டையைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். என்ஜினுக்கும் கன்வெர்ட்டருக்கும் பக்கத்தில் இருக்கும் வளைகிற பின்னல் குழாயை மறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள், மலை வண்டிகளில் அது சீக்கிரம் கிழியும். வெறும் ஜாக்கியில் வண்டியைத் தூக்கிவிட்டு நீங்களோ கொழுந்தனாரோ அடியில் போகாதீர்கள்.

முட்டை நாற்றத்தின் மூலம்

பெட்ரோலில் துளியளவு கந்தகம் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு நாடு முழுக்க விற்கும் பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதியின் ஆறாம் கட்டம்) பெட்ரோலில் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு முன் 50 வரை இருந்தது. கந்தகம் எரிந்து கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே ஒட்டிக்கொள்கிறது. பெட்ரோல் அளவாக எரிகிற வரைக்கும் வம்பில்லை. பெட்ரோல் அதிகமாகி ஆக்சிஜன் பற்றாமல் போனால், ஒட்டியிருந்த கந்தகம் ஹைட்ரஜனோடு சேர்ந்து முட்டை நாற்றமாகக் கிளம்பும். ஆக, கன்வெர்ட்டரைச் சந்தேகிக்கும் முன் அதற்குள் போகிற புகையைச் சந்தேகிக்க வேண்டும். முழு பாரத்தோடு மலை ஏறும்போது நல்ல வண்டியிலும் எப்போதாவது லேசாக அந்த வாடை வரலாம். ஒவ்வொரு வாரமும் வருவதும், மைலேஜ் 17-லிருந்து 12-க்கு விழுவதும் அந்தக் கணக்கில் வராது.

விற்றவர் சொன்ன ‘மலை ஏறினால் நாறும்’ கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல். மேலே காற்று மெலிந்துவிடும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, பழைய அளவிலேயே பெட்ரோலை விட்டுப் புகையைக் கக்கும். உங்கள் வண்டியில் காற்றழுத்தத்தை அளக்கிற சென்சார் இருக்கிறது. ஏற ஏற பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும்.

கொழுந்தனாரின் எத்தனால் வாதத்திலும் பாதிதான் உண்மை. 2023-க்கு முந்தைய வண்டிகளில் 20 சதவீத எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கலாம், மைலேஜும் கொஞ்சம் குறையும். குழாய்களைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் குறையாது. முட்டை நாற்றத்துக்கும் எத்தனாலுக்கும் சம்பந்தமில்லை.

என் ஊகம் இது. விளக்கு மினுக்கியது என்று எழுதினீர்களே, அதுதான் துப்பு. செக் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால், ‘சீக்கிரம் காட்டு’ என்று பொருள். மினுக்கினால், ‘ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விடுகிறது, கன்வெர்ட்டர் வெந்துகொண்டிருக்கிறது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு’ என்று பொருள். ஏற்றத்தில் வெட்டி வெட்டி இழுப்பதை நாங்கள் மிஸ்ஸிங் என்போம். பிளக்கோ அதன் மேல் உட்காரும் காயிலோ பலவீனமாகிவிட்டால் சமதரையில் சமாளிக்கும், பாரம் ஏறும்போது பொறி விட்டுப்போகும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எரியாத சிலிண்டரிலிருந்து பெட்ரோல் மட்டுமல்ல, எரியாத ஆக்சிஜனும் வெளியே வருகிறது. குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து, ‘ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது, பெட்ரோல் போதவில்லை போலிருக்கிறது’ என்று என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் ஊற்றும். சென்சார் பொய் சொல்லவில்லை, கம்ப்யூட்டரும் முட்டாளில்லை, ஆனால் மற்ற சிலிண்டர்கள் பெட்ரோலில் மூழ்குகின்றன. மைலேஜ் விழுவது, சைலன்சரில் மை, முட்டை நாற்றம் மூன்றும் இந்த ஒரே இடத்திலிருந்து வரக்கூடும். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். சாதாரணமாக 400 முதல் 800 டிகிரியில் வேலை செய்யும் பொருள் 1,000 டிகிரி தாண்டிவிடும். அப்படியே பல மாதம் ஓடினால் உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உருகிக் கட்டியாகும்.

ஊகம் தவறாகவும் இருக்கலாம். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகுவது, என்ஜின் சூடாகிவிட்டது என்பதைச் சொல்லாத வெப்ப சென்சார், அடைத்துக்கொண்ட ஏர் பில்டர் இவையும் பெட்ரோலைக் கூட்டும். ஆயில் அளவுக்கம்பியை இழுத்து முகர்ந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால் இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும்.

பானெட்டைத் திறந்து ஒரு தடவை

சைலன்சரைக் குற்றம் சொல்லும் முன் பேட்டரியைப் பார்த்துவிட வேண்டும். ஒருவர் இதே முட்டை நாற்றத்துக்காக வேறு இரண்டு இடத்தில் சைலன்சர் மாற்றிவிட்டு எங்களிடம் வந்தார். பானெட்டைத் தூக்கியதுமே முகத்தில் அடித்தது. பேட்டரியின் பக்கச் சுவர்கள் பலாச்சுளை மாதிரி உப்பியிருந்தன, தொட்டால் கை சுட்டது, டெர்மினலில் வெள்ளைப் பொடி. மீட்டர் வைத்தால் 16.1 வோல்ட். ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் ரெகுலேட்டர் போய், பேட்டரியை இடைவிடாமல் ஓவர்சார்ஜ் செய்துகொண்டிருந்தது. அமிலம் கொதித்தால் வருவதும் அதே ஹைட்ரஜன் சல்ஃபைடுதான். புது சைலன்சர் இரண்டும் வீண்.

என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.6 வோல்ட் வரை இருந்தால் சரி. 15 தாண்டினால் வண்டியை எடுக்காதீர்கள். உப்பிய பேட்டரி பக்கத்தில் தீக்குச்சி கிழிக்க வேண்டாம், குனிந்து முகரவும் வேண்டாம். உங்கள் வண்டியில் மையும் மிஸ்ஸிங்கும் இருப்பதால் பேட்டரி காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. இரண்டு நிமிஷ வேலை என்பதால் சொல்கிறேன்.

மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாக. இனிப்பு வாடையும் வெள்ளைப் புகையும் விடாமல் வந்தால் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் எரிகிறது, ஹெட் பேக்கிங்கைப் பார்க்க வேண்டும். நீலப் புகையும் கருகிய எண்ணெய் வாடையும் ஆயில் எரிவதால். புகை இல்லாமல் எண்ணெய் மட்டும் கருகினால், என்ஜின் மேல்மூடியான டேப்பட் கவரிலிருந்து மேனிபோல்டில் சொட்டுகிறதா என்று பாருங்கள். மலையில் மட்டும் தீய்ந்த காகித வாடை என்றால் கிளட்ச் மேல் காலை வைத்தே ஓட்டுகிறீர்கள். கேஸ் வண்டியில் முட்டை, பூண்டு மாதிரி வாடை வந்தால் அது கசிவைக் காட்டிக்கொடுக்கவே சேர்த்த வாசனை. நிறுத்தி, இறங்கி, தள்ளி நில்லுங்கள். புளோயரைப் போட்டதும் பிண வாடை அடித்தால் எலி.

68,000 ரூபாய் எஸ்டிமேட்

சர்வீஸ் சென்டர் சொன்னது பொய் என்று சொல்ல மாட்டேன். பி0420 என்ற கோட், அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பழுது எண், வந்திருக்கும். கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்பது அதன் பொருள். ஆனால் மிஸ்ஸிங்கைச் சரிசெய்யாமல் புது கன்வெர்ட்டர் போட்டால், பழையதைக் கொன்றதே புதியதையும் கொல்லும். வருஷம் கழித்து இன்னொரு 68,000 ரூபாய்.

கோட் எண்கள் எனக்கு வேண்டும். பக்கத்து மெக்கானிக் அவற்றைக் குறித்துக்கொள்ளாமல் அழித்ததுதான் இந்தக் கதையில் எனக்குக் கோபம் வந்த இடம். காய்ச்சல் எவ்வளவு என்று பார்க்காமலே தெர்மாமீட்டரை உதறி வைத்த மாதிரி. பழுது அப்படியே இருந்தால் கோட் திரும்ப வரும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற புளூடூத் ஸ்கேனர் ஒன்றை ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகினால் போனிலேயே படித்துவிடலாம். பி0300 என்றால் எந்த சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஸிங், பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, அப்படியே போகும். பி0172 என்றால் பெட்ரோல் அதிகம். அழிக்கும் முன் திரையைப் படம் எடுத்துவிடுங்கள்.

பிறகு வேலையைப் படிப்படியாகக் கேளுங்கள். பிளக்குகளைக் கழற்றி உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். மூக்கு பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் நலம், கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம், நனைந்திருந்தால் அந்த சிலிண்டர் எரியவில்லை. சந்தேகப்படுகிற காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப்போட்டு மிஸ்ஸிங் கூடவே போகிறதா என்று பார்ப்பது செலவில்லாத சோதனை. முதல் சிலிண்டரின் கோட் இரண்டாவதுக்கு மாறினால் காயில்தான், சந்தேகமே இல்லை. பிளக் செட்டும் ஒரு காயிலும் சேர்ந்து இந்த அளவு வண்டிகளில் பெரும்பாலும் சில ஆயிரத்தோடு முடிந்துவிடும்.

மிஸ்ஸிங் போன பின் 300, 400 கிலோமீட்டர் ஓட்டுங்கள், கொஞ்சம் நெடுஞ்சாலையிலும். கந்தகம் மட்டும் படிந்திருந்த கன்வெர்ட்டர் அந்தச் சூட்டில் ஓரளவு தேறிவிடும். உருகியது தேறாது. அப்போதும் பி0420 வந்தால், கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு ஆக்சிஜன் சென்சார்களின் வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். முன்னது மேலும் கீழும் துள்ள வேண்டும், பின்னது ஏறக்குறைய நேர்கோடாக இருக்க வேண்டும். பின்னதும் முன்னது போலவே துள்ளினால், குழாயில் ஓட்டையும் இல்லையென்றால், கன்வெர்ட்டர் போய்விட்டது. அப்போது மாற்றத்தான் வேண்டும், நானும் அதையே சொல்வேன்.

மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. பழைய கன்வெர்ட்டரைக் காசு கொடுத்து எடுக்கத் தனி வியாபாரிகள் வருகிறார்கள். “குப்பைங்க, நாங்களே போட்டுடறோம்” என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள். எழுத்தில் ஜாப் கார்டு, பில், உதிரிபாகத்தின் எண் எல்லாம் வேண்டும். பில் இல்லாமல் 2,000 குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் பிறகு எதையும் கேட்க முடியாது.

வெட்டிப்போடும் யோசனை

நாலாயிரம் ரூபாய் வழி உங்களுக்கு மட்டும் நிச்சயமாக வேண்டாம். முட்டை நாற்றம் போய்விடும் என்பது உண்மை. கந்தகத்தை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுகிற இடமே இல்லாமல் போய்விடுமல்லவா? கூடவே கார்பன் மோனாக்சைடை எரிக்கிற இடமும் போய்விடும். டிக்கி இடுக்கு வழியாகப் புகை ஏறுகிற வண்டியில், நாற்றத்தை எடுத்துவிட்டு விஷத்தைக் கூட்டுவதாக முடியும். அத்தைக்கு அப்போதும் தலை வலிக்கும், ஆனால் ஏன் என்று யாருக்கும் தெரியாது.

சட்டமும் இடம் தரவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ வரலாம். புகை விதி மீறினால் 190-வது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம். வெட்டியது மெக்கானிக்காக இருந்தாலும் பேர் உங்களுடையது.

புகைச் சான்றிதழ் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தச் சோதனை நின்ற இடத்தில், பாரமில்லாமல் நடப்பது. உங்கள் வண்டி சமதரையில் நல்ல பிள்ளை. மேலும், பிஎஸ்4 பெட்ரோல் காருக்கு அனுமதித்த மோனாக்சைடு 0.3 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 3,000 பங்கு. தொழிற்சாலைப் பாதுகாப்பு அட்டவணைகளில் உயிருக்கு ஆபத்து என்று குறித்திருப்பது 1,200. சைலன்சர் வாயில் பாஸ் ஆன புகையும் மூடிய இடத்தில் சுவாசிக்கிற புகை அல்ல. டிக்கியை அடைத்து முடித்ததும், எண் காட்டுகிற கார்பன் மோனாக்சைடு மீட்டர் ஒன்றைப் பின்சீட்டில் வைத்து ஒருமுறை தனியாக பர்லியாறு தாண்டிக் கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள். அலாரம் மட்டும் அடிக்கிற வீட்டு வகை போதாது, அது அதிக அளவு வந்து நெடுநேரம் கழித்துத்தான் கத்தும். எண் பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். பத்து லட்சத்தில் 9 பங்குக்கு மேல் போய் நின்றால் வேலை இன்னும் முடியவில்லை.

விற்றவரிடம் கேட்கலாமா, விற்றுவிடலாமா

தனி நபரிடம் வாங்கியிருக்கிறீர்கள். நுகர்வோர் ஆணையம் வியாபாரிக்கும் சேவை தருபவருக்கும் எதிராகத்தான். ஒரு வண்டியை விற்ற வீட்டுக்காரர் அதில் வர மாட்டார். தெரிந்தே பழுதை மறைத்தார் என்று நிரூபிக்க முடிந்தால் சிவில் வழக்கு உண்டு. இடிபட்டதை அவரே சொல்லியிருக்கிறார், எட்டு மாதமும் ஓடிவிட்டது. வக்கீல் செலவு பிளக் செலவைத் தாண்டும், அதில் இறங்க வேண்டாம் என்பது என் யோசனை. அவர் பழைய டிங்கரிங் பில்லைத் தந்தால் போதும், எந்தக் கடை, என்ன வேலை என்று தெரியும். அதைச் சண்டையில்லாமல் கேட்டு வாங்குங்கள். நாளைக்கு நீங்கள் வேலை கொடுக்கிற வொர்க்‌ஷாப் ஏமாற்றினால் அது வேறு கதை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டுப் புகாரைப் பதியலாம், இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். அப்போதுதான் அந்த பில்லும் ஜாப் கார்டும் பேசும்.

விற்பதைப் பற்றி. மிஸ்ஸிங் அடிக்கிற, விளக்கு எரிகிற வண்டியை வாங்க வருகிறவர் 50,000 குறைத்துத்தான் கேட்பார். பீடிங், பிளக், காயில், ஆயில் மாற்றம் எல்லாம் சேர்த்தாலும் அதில் சிறு பங்குதான் ஆகும். முதலில் அதைச் செய்யுங்கள், கன்வெர்ட்டர் தேறுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கன்வெர்ட்டரும் போய், என்ஜின் ஆயிலும் குடிக்கிற வண்டி என்று தெரியவந்தால் நானே விற்கச் சொல்வேன்.

கோட் எண்களையும், பத்து ரூபாய் நோட்டு எந்தெந்த இடத்தில் வழுக்கியது என்பதையும் எழுதி அனுப்புங்கள். கழற்றிய பிளக்குகளின் படம் இருந்தால் இன்னும் நல்லது, எந்த சிலிண்டர் எது என்று குறித்து. அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்டுப்பாளையத்தில் குன்னூர் பஸ் ஏறிவிடுங்கள். முன்பக்கம் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து போய் இறங்கியதும் அத்தைக்குத் தலை வலிக்கிறதா என்று கேளுங்கள். அந்தப் பதிலையும் சேர்த்து எழுதுங்கள்.